பாட்டுக்கு வேர் எங்கே பாஸ்?

உங்க க்ளாஸ்ல நிச்சயம் ஒருத்தன் இருப்பான். கறுப்பு டி-ஷர்ட், காதுல எப்பவும் ஹெட்போன். ‘மச்சி, இதைக் கேட்டுப் பாரு... மெரண்டுருவே!’ என்று எதிர்ப்படுகிற எல்லார் காதிலும் ஒரு பாட்டைத் திணிப்பான். லெட் ஸெப்பலின் என்பான், ரோலிங் ஸ்டோன்ஸ் என்பான், க்ரீம் என்பான். லேடீஸ் ஹாஸ்டலிலும் இதே மாதிரி ஒருத்தி கட்டாயம் உண்டு. ஏன், அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். தப்பே இல்லை. நல்ல இசை ஊர் ஊராகப் பரவியதே இந்த மாதிரி ‘தொல்லை பார்ட்டி’களால்தான்!

ஆனா அந்தப் பார்ட்டிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. ‘இந்தப் பாட்டை முதல்ல பாடினது யாரு?’

முக்கால்வாசிப் பேர் பேந்தப் பேந்த முழிப்பாங்க.

இந்த வாரம் அந்தக் கேள்விதான் நம்ம மேட்டர். ராக் பிடிக்கும் என்கிறவர்கள் அதன் வேரை எங்கே தேடுவது, எந்த வரிசையில் கேட்பது என்று ஒரு சின்ன ரூட் மேப் தரப்போறேன். கூடவே இன்னொரு விஷயமும். ஒரு பாட்டைச் சிபாரிசு பண்ணும்போது பாடினவர் பெயரைச் சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் நடுவில், சில பேரோட ஆஸ்பத்திரி பில்லே சிக்கியிருக்கிறது. நம்ப முடியலையா? மேலே படிங்க.

பிளாட்பாரத்தில் பிறந்த பேண்ட்

1961 அக்டோபர் 17. லண்டனுக்குப் பக்கத்தில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையம். காலேஜுக்குப் போக இரண்டு பையன்கள் நிற்கிறார்கள். ஒருவர் பொருளாதாரம் படிக்கிறவர், இன்னொருவர் ஓவியக் கல்லூரி. சின்ன வயதில் ஒரே ஸ்கூலில் படித்தவர்கள், அப்புறம் தொடர்பு விட்டுப்போச்சு. பொருளாதாரப் பையன் கையில் சில எல்.பி. ரெக்கார்டுகள். சக் பெர்ரி ஒன்று, மடி வாட்டர்ஸ் ஒன்று. இங்கிலாந்துக் கடைகளில் லேசில் கிடைக்காத சரக்கு. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் கம்பெனிக்கே லெட்டர் போட்டு வரவழைக்கிற அளவுக்கு அந்தப் பையனுக்குப் பைத்தியம். ஓவியக் கல்லூரிப் பையன் கண்ணில் அது பட்டது. பேச்சு ஆரம்பித்தது.

ரெக்கார்டு வைத்திருந்தவர் மிக் ஜாகர். பார்த்தவர் கீத் ரிச்சர்ட்ஸ். அடுத்த வருஷமே ரோலிங் ஸ்டோன்ஸ் ரெடி! பேண்டுக்குப் பெயர் வந்ததும் மடி வாட்டர்ஸ் 1950-ல் பாடிய ‘ரோலின் ஸ்டோன்’ பாட்டில் இருந்துதான்.

யார் இந்த மடி வாட்டர்ஸ்? அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில், ஸ்டோவால் என்கிற பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1941-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்ய ஆலன் லோமாக்ஸ் அங்கே வந்தார். மடியைப் பாடவைத்து, பிறகு ரெக்கார்டு பிரதிகளையும் 20 டாலர் செக் ஒன்றையும் அனுப்பிவைத்தார். தன் குரலைத் தானே ரெக்கார்டில் கேட்டதும் அவருக்குத் தைரியம் வந்தது. 1943-ல் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார்.

கிராமத்துத் திண்ணையில் எடுபட்ட சாதா கிடார், சிகாகோ பார்களின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. அதனால் கையில் எலெக்ட்ரிக் கிடார் ஏறியது. மின்சாரம் பாய்ந்த அந்தக் கிராமத்து ப்ளூஸ்தான் பிற்பாடு ராக் என்று நாம் தலையாட்டுகிற சமாச்சாரத்துக்கு நேரடித் தாத்தா.

காலடியில் உட்கார்ந்த ஸ்டார்கள்

ஸ்டோன்ஸ் பையன்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1964-ல் ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பாட்டை வெளியிட்டார்கள். வில்லி டிக்ஸன் எழுதி, 1961-ல் ஹவ்லின் வுல்ஃப் பாடியது. சுத்தமான ப்ளூஸ். இங்கிலாந்தில் அது நம்பர் ஒன் இடத்தைப் பிடித்தது!

அடுத்த வருஷம் அமெரிக்காவின் ‘ஷிண்டிக்’ டி.வி. நிகழ்ச்சிக்கு ஸ்டோன்ஸைக் கூப்பிட்டார்கள். ‘ஹவ்லின் வுல்ஃபும் எங்ககூட வரணும்’ என்று கேட்டு வாங்கினார்கள். 1965 மே மாதம் ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சியை இப்பவும் பார்க்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய பெரிய உருவம் ஒன்று கர்ஜித்துக்கொண்டு பாடுகிறது. சுற்றிலும் ஸ்டோன்ஸ் பசங்க, பாட்டி கதை கேட்கிற பேரப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து பார்க்கிறார்கள். அன்று டி.வி. முன்னால் இருந்த வெள்ளைக்கார டீன்-ஏஜ் கூட்டத்தில் ஏகப்பட்ட பேருக்கு, தன் சொந்த நாட்டுப் பாடகரை இங்கிலாந்துக்காரன் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. வேடிக்கைதான்.

இதுதான் சரியான சிபாரிசு. ‘பாட்டு சூப்பர்’ என்பதோடு நிற்காமல், ‘இதோ, இவர்தான் ஆள்’ என்று கைகாட்டுவது.

பெயர் விட்டுப்போனால்?

இப்போ அதே நாணயத்தின் மறுபக்கம். 1962-ல் மடி வாட்டர்ஸ் ‘யூ நீட் லவ்’ என்று ஒரு பாட்டு பாடினார். எழுதியவர் அதே வில்லி டிக்ஸன். 1969-ல் லெட் ஸெப்பலின் ‘ஹோல் லாட்டா லவ்’ வெளியிட்டது. உலகம் முழுக்க ஹிட். அந்த கிடார் ரிஃப் ஸெப்பலினோட சொந்தச் சரக்குதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பாட்டு வரிகளில் டிக்ஸனின் சாயல் அப்பட்டமாக இருந்தது. ரெக்கார்டில் அவர் பெயர் மட்டும் இல்லை.

டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட்டார். 1987-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. இன்றைக்கு அந்தப் பாட்டின் கிரெடிட்டைப் பாருங்க, டிக்ஸன் பெயர் இருக்கும். பதினெட்டு வருஷம் லேட்! அவர் தொடங்கிய ‘ப்ளூஸ் ஹெவன் ஃபவுண்டேஷன்’, ப்ளூஸ் கலைஞர்களுக்குச் சேரவேண்டிய ராயல்டிக்காகக் குரல் கொடுத்த அமைப்பு. அது இப்போது இருப்பது சிகாகோவில் 2120, சவுத் மிச்சிகன் அவென்யூ. ஒரு காலத்தில் மடி வாட்டர்ஸும் ஹவ்லின் வுல்ஃபும் பாடிப் பதிவு செய்த செஸ் ரெக்கார்ட்ஸ் கட்டடம்!

டிக்ஸனுக்காவது லேட்டாகக் கிடைத்தது. ஆர்தர் க்ரூடப் கதை இன்னும் சோகம். 1946-ல் அவர் பதிவு செய்த பாட்டு ‘தட்ஸ் ஆல் ரைட்’. 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்தின் சன் ஸ்டுடியோவில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் அதைப் பாடினான். அதுதான் எல்விஸ் ப்ரெஸ்லியின் முதல் சிங்கிள். எல்விஸ் ஒன்றும் மறைக்கவில்லை. 1956-ல் ஒரு பேட்டியில் க்ரூடப் பெயரை மரியாதையோடு சொன்னார். ஆனால் எழுதிய ஒப்பந்தம் எல்லாம் க்ரூடப்புக்குப் பாதகமாக இருந்தது. பணம் வழியிலேயே நின்றுவிட்டது. அவர் பண்ணை வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1974-ல் இறக்கும்வரை உரிய ராயல்டி அவர் கைக்கு வரவே இல்லை.

சில பேர் கேட்கலாம்: ‘நாட்டுப்புற இசைன்னாலே ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் எடுக்கிறதுதானே பாஸ்?’ கரெக்ட். ப்ளூஸ் மேதை ராபர்ட் ஜான்ஸனின் ‘32-20 ப்ளூஸ்’கூட, ஸ்கிப் ஜேம்ஸின் ‘22-20 ப்ளூஸ்’ பாட்டில் இருந்து உருவானதுதான். அங்கே எடுத்தவரும் ஏழை, கொடுத்தவரும் ஏழை. பாட்டு ஊர் சொத்து மாதிரி சுற்றி வந்தது. ஒரு பக்கம் கோடிகள் புரள ஆரம்பித்த பிறகு, இன்னொரு பக்கம் பெயர்கூட இல்லை என்றால்தான் உறுத்துகிறது.

அட்லஸில் கிடைத்த பாட்டுக்காரர்

சரி, சாதாரண ரசிகனால் என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும். மூன்று சம்பவம் சொல்றேன்.

ஒன்று. ஹாரி ஸ்மித் என்று ஒரு ரெக்கார்டு பைத்தியம். கறுப்பர், வெள்ளையர் பாடிய பழைய நாட்டுப்புற ரெக்கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அதில் இருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து, 1952-ல் ‘ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூஸிக்’ என்று ஆறு எல்.பி.களாகத் தொகுத்தார். ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. இன்றைய பாஷையில் சொன்னால், ஒரு ரசிகர் போட்ட ப்ளேலிஸ்ட்! பாப் டிலன் தலைமுறையே அதைக் கேட்டு வளர்ந்தது. 1991-ல் ஹாரி ஸ்மித்துக்குக் கிராமி மேடையில் கௌரவம் செய்தார்கள்.

இரண்டு. அந்தத் தொகுப்பில் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்பவரின் இரண்டு பாட்டுகள் இருந்தன. 1928-ல் பாடியவை. ஆள் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. ஆனால் அதே 1928-ல் அவர் பாடிய ‘அவலான் ப்ளூஸ்’ என்கிற பாட்டில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய அட்லஸில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து, 1963-ல் நேரே போய் இறங்கினார். ஹர்ட் அங்கேதான் இருந்தார்! எழுபதை ஒட்டிய வயது. சொந்தமாக ஒரு கிடார்கூட இல்லை. அதே வருஷம் நியூபோர்ட் இசை விழாவில் பாடினார். 1966-ல் இறப்பதற்குள் புதுசாக ஆல்பங்கள், கல்லூரிக் கச்சேரிகள் என்று கடைசி மூன்று வருஷம் ராஜ மரியாதை.

மூன்று. ஸ்கிப் ஜேம்ஸ். 1931-ல் சில பாட்டுகள் பதிவு செய்துவிட்டுக் காணாமல் போனவர். 1964-ல் மூன்று கிடார் பைத்தியங்கள் தேடிப்போய், மிஸிஸிப்பியில் ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து எரிக் க்ளாப்டன் இருந்த க்ரீம் பேண்ட் அவரோட ‘ஐ’ம் ஸோ க்ளாட்’ பாட்டைத் தன் முதல் ஆல்பத்தில் பாடியது. பெயரை ஒழுங்காகப் போட்டது. ஆல்பம் விற்றது, ராயல்டி வந்தது. அந்தப் பணம்தான் புற்றுநோயோடு போராடிய ஸ்கிப் ஜேம்ஸின் மருத்துவச் செலவுக்குக் கைகொடுத்தது.

நான் முதலில் சொன்ன ஆஸ்பத்திரி பில் இதுதான். க்ரூடப்புக்குக் கிடைக்காதது, ஸ்கிப் ஜேம்ஸுக்குக் கிடைத்தது. ரெக்கார்டின் மேல் அச்சடித்த பெயரும், பின்னால் நேர்மையான கணக்கும் இருந்தால் நடக்கிற காரியம் அது.

கிடார் பிடித்த அக்கா

இந்தக் கதையில் ஆம்பளைங்க பெயராகவே வருதே என்று கோபப்படாதீங்க கேர்ள்ஸ். சிஸ்டர் ரோஸட்டா தார்ப்பைக் கேட்டிருக்கீங்களா? சர்ச் பாட்டை எலெக்ட்ரிக் கிடாரில் வெளுத்து வாங்கியவர். 1944-ல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’ பாட்டைக் கேளுங்க, ராக் அண்டு ரோல் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாடியே அது வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரயில் வராமல் மூடிக்கிடந்த ஒரு ஸ்டேஷனில் டி.வி.க்காகக் கச்சேரி. ரசிகர்கள் ஒரு பிளாட்பாரத்தில், பாடுகிறவர்கள் எதிர் பிளாட்பாரத்தில். மழை! ரோஸட்டா கோட்டு போட்டுக்கொண்டு வந்து, வெள்ளை கிடாரை மாட்டி, மழையைப் பற்றிய ஒரு பாட்டையே முதலில் எடுத்துவிட்டார். 1973-ல் இறந்த அவரை ‘ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ சேர்த்துக்கொண்டது 2018-ல்தான். அதுவும் லேட்!

எப்படிக் கேட்பது?

முதல் ரூல்: நேராக 1920-களுக்குக் குதிக்காதீங்க. பழைய ரெக்கார்டுகளில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ‘படபட’ சத்தம் இருக்கும். பழகாத காது ரெண்டு நிமிஷத்தில் ஓடிவிடும். உங்களுக்குப் பிடித்த பேண்டில் இருந்து படி படியாகக் கீழே இறங்குங்க. முதலில் 1960-களின் ராக். அடுத்து 1950-களின் சிகாகோ எலெக்ட்ரிக் ப்ளூஸ். அங்கே கொஞ்ச நாள் தங்குங்க. அதுக்கப்புறம் மிஸிஸிப்பி போகலாம். அங்கேயும் முதல் வீடு ஜான் ஹர்ட் வீடாக இருக்கட்டும். அதட்டாத, மெல்லிய குரல். கட்டைவிரல் ஒரு தாளம், மற்ற விரல்கள் ஒரு பாட்டு என்று கிடார் ஓடும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுக் கேட்கத் தோதான ஆள்.

ராபர்ட் ஜான்ஸனுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்க. 1936, 1937 இரண்டு வருஷத்தில் மொத்தமே 29 பாட்டு. 1938-ல் 27 வயதில் முடிந்துபோனார். முதல்தடவை கேட்டபோது கீத் ரிச்சர்ட்ஸே ‘கூட வாசிக்கிற இன்னொரு ஆள் யாரு?’ என்று கேட்டாராம். இன்னொரு ஆளே கிடையாது. இரண்டு கிடார் சத்தமும் ஒருத்தர் கைதான்!

இரண்டாவது ரூல்: ஜோடி ஜோடியாகக் கேளுங்க. முதலில் தெரிந்தது, உடனே அதன் மூலம். காது தானாகவே பாடம் படித்துக்கொள்ளும். ஆரம்பிக்க ஆறு ஜோடி இதோ:

* லெட் ஸெப்பலின், ‘ஹோல் லாட்டா லவ்’ (1969) / மடி வாட்டர்ஸ், ‘யூ நீட் லவ்’ (1962). வரிகளைக் கவனியுங்க.

* ரோலிங் ஸ்டோன்ஸ், ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ (1964) / ஹவ்லின் வுல்ஃப் (1961). பையன் குரலும் சிங்கத்தின் குரலும்.

* க்ரீம், ‘க்ராஸ்ரோட்ஸ்’ (1968) / ராபர்ட் ஜான்ஸன், ‘க்ராஸ் ரோட் ப்ளூஸ்’ (1936). மேடையில் மூணு பேர் சேர்ந்து கிளப்புகிற புயல், அங்கே ஒருத்தர் தனியாக நின்று பயப்படுகிற குரல்.

* லெட் ஸெப்பலின், ‘வென் த லெவி ப்ரேக்ஸ்’ (1971) / கன்சாஸ் ஜோ, மெம்ஃபிஸ் மின்னி (1929). 1927-ல் மிஸிஸிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளத்தைப் பற்றியது. இதில் மின்னி பெயரையும் பேண்ட் போட்டது, அதையும் சொல்லணும் இல்லையா?

* க்ரீம், ‘ஐ’ம் ஸோ க்ளாட்’ (1966) / ஸ்கிப் ஜேம்ஸ் (1931). பாட்டின் தலைப்பு சந்தோஷம், பாடுகிற குரலில் அது இருக்கா என்று நீங்களே முடிவு பண்ணுங்க.

* எல்விஸ், ‘ஹவுண்ட் டாக்’ (1956) / பிக் மாமா தார்ன்டன் (1953). எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்கிற இரண்டு இளைஞர்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கு முதலில் உயிர் கொடுத்தது இந்த அம்மாதான்.

2025-ல் வந்த ‘சின்னர்ஸ்’ படம் பார்த்தவங்களுக்கு இன்னும் ஈஸி. கதை நடக்கிற 1932-ம் வருஷ மிஸிஸிப்பிதான் இந்தப் பாட்டுகளின் தொட்டில். கடைசியில் வயசான பாடகராக வருகிற பட்டி கை நிஜமான ப்ளூஸ்காரர். செஸ் ரெக்கார்ட்ஸில் மடி வாட்டர்ஸோடு வாசித்தவர்.

மூன்றாவது ரூல், இதுதான் முக்கியம்: பெயரோடு அனுப்புங்க. அடுத்த தடவை ஃப்ரெண்டுக்கு ஒரு பாட்டு அனுப்பும்போது லிங்க்கை மட்டும் தட்டிவிடாமல், எழுதினது யாரு, முதல்ல பாடினது யாரு, எந்த வருஷம் என்று ஒரே ஒரு வரி சேர்த்துடுங்க. பாட்டு ஓடுகிற ஆப்பிலேயே கிரெடிட் என்று ஒரு பக்கம் இருக்கும், திறந்து பார்த்தால் ஆச்சு. அரை நிமிஷ வேலை. ஸ்கிப் ஜேம்ஸைத் தேடிப்போன பையன்கள் கையில் இருந்ததும் ஒரு பழைய ரெக்கார்டும் அதில் அச்சடித்த ஒரு பெயரும்தான்.

போவதற்கு முன்னால் ஒரு குட்டி நியூஸ். 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்க முலாம் பூசிய ஒரு இசைத்தட்டு இருக்கிறது. ‘பூமியில் நாங்க இப்படித்தான் பாடுவோம்’ என்று முன்பின் தெரியாத யாருக்கோ அனுப்பிய சிபாரிசு. அதில் சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ உண்டு. 1927-ல் ப்ளைண்ட் வில்லி ஜான்ஸன் என்கிற பார்வையற்ற பாடகர் வரிகளே இல்லாமல் முனகிப் பாடிய ஒரு ப்ளூஸும் உண்டு. தெருவில் பாடிப் பிழைத்து, 1945-ல் வறுமையிலேயே இறந்தவர் அவர். ராக்கும் அதன் வேரும் ஒரே தட்டில், சூரியக் குடும்பத்தின் கிரகங்களை எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

அவ்வளவு தூரம் அனுப்பியாச்சு. பக்கத்து பெஞ்சுக்கு அனுப்ப மாட்டீங்களா என்ன?